முடியாத விமானம்

பல் குத்தும் குச்சி ஒன்றை வாள்போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கீர் முகம்மது சபதம் செய்தார்.

“இந்தப் பிளேன் முடியற வரைக்கும் உன் கடைப் படியை மிதிக்க மாட்டேன், மாப்புள! முடிஞ்ச மறுநாள் விடியக்காலை பஜ்ரு தொழுதுட்டு நேரா கடைக்குத்தான் வருவேன். இது வாக்கு.”

குச்சியின் நுனியிலிருந்து ஒரு சொட்டுப் பசை மச்சினன் சித்தீக்கின் சட்டையில் விழுந்தது. சித்தீக் அதைப் பெரிதுபடுத்தவில்லை. முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் பெயின்ட்டும் இரும்புச் சாமானும் விற்கிறவர். சட்டையில் கறை இல்லாத நாளே அவருக்குக் கிடையாது. அவர் அக்காளைப் பார்த்தார். அக்காள் கமருன்னிஸா தன் கணவரைப் பார்த்தாள்.

“எவ்வளவு நாளாகும்?”

“ரெண்டு மாசம். மிஞ்சிப்போனா மூணு.”

“சரி. வாக்குக் குடுத்துட்டீங்க. தம்பி சாட்சி” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

பக்கீர் முகம்மதுக்கு வளைகுடா நாடு ஒன்றில் விமான நிலையப் பட்டறையில் வேலை. பறந்து களைத்து வருகிற விமானங்களைக் கழுவித் துடைக்க வேண்டும். தலைமுடி நரைக்கும்வரை துடைத்தார். பிறகு ஊர் திரும்பினார். மற்றவர்கள் பெட்டி நிறையக் கம்பளியும் அத்தரும் பேரீச்சம்பழமும் கொண்டுவருவார்கள். இவர் பெட்டியில் ஒரு விமானம் வந்தது. பழைய உலகப் போர்க் காலத்து இரட்டை இன்ஜின் விமானம், ஒட்டிச் சேர்க்கவேண்டிய நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகளாக.

திரும்பிவந்த மனிதர் வீட்டில் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் கமருன்னிஸா பொறுத்திருப்பாள். வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். கொல்லையிலிருந்து மாடிக்கு ஏறுவார். மின்விசிறியை அணைத்துவிட்டு, “ஏன் காத்தே வரல?” என்பார். அதனால்தான் தம்பி கடையில் உட்காரச் சொன்னாள். அவருக்கோ அந்தக் கடை என்றாலே ஆகாது. ஆணியை எடைபோட வேண்டும். தன்னைவிட இளைய மச்சினனிடம், “மாப்புள, ஒரு டீ குடிச்சுட்டு வரட்டுமா?” என்று அனுமதி கேட்க வேண்டும். அதைவிட விமானமே மேல்.

விமானம் சாப்பாட்டு மேசையில் வளர்ந்தது. ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு இறக்கை நுனிவரை ஒன்றரை முழம். அதைச் சுற்றிப் பெயின்ட் புட்டிகள், தூரிகைகள், காகித நாடா. சோறும் ஆணமும் தரைக்கு இறங்கின. முதலில் வெள்ளி நிறம் அடித்தார். அதன்மேல் பச்சை அடிக்கவேண்டிய நாளில் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“என்னங்க, உப்பு ஜாடியைக் காணோமே?”

“இங்க இருக்கு.”

“அங்க எதுக்கு?”

“பிளேன்மேல தூவியிருக்கேன்.”

கமருன்னிஸா கரண்டியோடு வந்து நின்றாள். “மீனுக்கு உப்புப் போட்டா கருவாடு. பிளேனுக்கு உப்புப் போட்டா என்னங்க?”

“கிட்ட வா, சொல்றேன். வெள்ளி பெயின்ட் காஞ்சிருச்சு. லேசா ஈரம் பண்ணி உப்பைத் தூவிட்டேன். இப்ப பச்சை அடிப்பேன். காஞ்சதும் உப்பைத் தேச்சு எடுத்தா அந்த இடத்துல மட்டும் வெள்ளி தெரியும். பெயின்ட் உரிஞ்ச மாதிரியே இருக்கும்.”

“அடிச்ச பெயின்ட்டை நீங்களே உரிக்கறீங்க.”

“உரிஞ்ச மாதிரி காட்டறேன். வெதரிங்னு பேரு. வெயில்லயும் மழையிலயும் கெடந்து உழைச்ச பிளேன்னு பாக்கறவன் நம்பணும்.”

“அதுக்கு ஏன் என் உப்பு? வெளியில வைங்க. நம்ம வாசல் கேட்டைப் பாருங்க. கடல்காத்துல யார் கையும் படாம தானா வெதரிங் ஆகி நிக்குது. அதுக்கு ஒரு கோட்டு பெயின்ட் அடிங்கன்னு ரமலானுக்கு முன்னாலேருந்து கத்தறேன்.”

“கேட்டெல்லாம் யாரு வேணா அடிக்கலாம் கமரு. இது கலை.”

“அங்க இருந்தப்ப பிளேன்ல உள்ள அழுக்கை எடுத்தீங்க. இங்க வந்து அழுக்கைப் பூசறீங்க. நல்ல கலை!” என்று ஜாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் வேலை பிரமாதமாக வந்தது. இன்ஜின் ஓரங்களில் எண்ணெய் வழிந்த கறை. புகைபோக்கிக்குப் பின்னால் கரி. விமானி ஏறி இறங்கும் இடத்தில் செருப்புத் தேய்ந்த தடம். கடைசியாக ஒரு பூச்சு வார்னிஷ் அடித்தால் முடிந்தது. தூரிகையை வார்னிஷில் தோய்த்தார். தோய்த்த கை அப்படியே நின்றது.

முடிந்துவிட்டால் நாளைக் காலை ஆணி எடை!

தூரிகையைக் கீழே வைத்தார். விமானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இன்னொரு நடை நடந்தார். பிறகு உரக்கச் சொன்னார்: “அடடா, பச்சை தப்பு! இந்தப் பிளேன் பாலைவனத்துல பறந்ததாச்சே!”

தேய்த்து எடுத்து, மணல் நிறம் அடித்தார். அதற்கும் உப்பு, எண்ணெய், கரி எல்லாம் ஆயிற்று. முடியப்போகிற நேரத்தில், நல்லவேளையாக ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் வார்னிஷ் வெளுத்துப் பூத்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். பக்கீர் முகம்மது, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

அடுத்தது நீலம்.

“என்னங்க, இது நீலமா இருக்கு?”

“கடல்மேல பறந்த பிளேன் கமரு.”

“போன மாசம் பாலைவனத்துல பறந்துச்சே?”

“டிரான்ஸ்பர் ஆயிருச்சு.”

கமருன்னிஸா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சத்தம் போடவில்லை. “அவசரப்படாதீங்க. நிதானமா பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு, கேட்காமலே ஒரு தேநீரும் கொண்டுவந்து வைத்தாள்.

அந்தத் தேநீரைக் கண்டு பக்கீர் முகம்மது பயந்திருக்க வேண்டும். அவரோ சர்க்கரை சரியாக இருக்கிறது என்று குடித்தார்.

மறுநாள் காலை மீன்காரர் கலியபெருமாள் வாசலில் வண்டியை நிறுத்தினார். கமருன்னிஸா கொடுவா பேரம் பேசினாள். அவர் பேரத்துக்கு வராமல் புலம்பிக்கொண்டிருந்தார். வண்டியின் பின்னால் ஒரு புத்தம்புது ஐஸ் பெட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது.

“வாங்கி நாலு நாள்தாம்மா ஆவுது. அதுக்குள்ள மூணு தடவ மச்சினன் இரவல் கேட்டுட்டான். பழைய பெட்டி இருந்தவரைக்கும் ஒருத்தன் எட்டிப் பாத்ததில்ல. குடுக்கலன்னா எம் பொஞ்சாதி தனபாக்கியம் மூஞ்சியைத் தூக்கிவச்சுக்குவா. அவ கூடப்பொறந்தவனாச்சே!”

கமருன்னிஸா வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “பெட்டியை எறக்குங்க. எங்க வீட்ல ஒருத்தர் புதுசைப் பழசாக்கறதையே தொழிலா வச்சிருக்காரு.”

பக்கீர் முகம்மது முதலில் மறுத்தார். “நான் பிளேன் பண்றவன். மீன் பெட்டிக்கெல்லாம்…”

“உங்களால முடியாதுன்னா விட்டுருங்க. சின்ன சாமான்னா கைக்கு அடங்கும். பெரிசு கஷ்டந்தான்” என்றாள் மனைவி, வெகு பரிவாக.

“யாருக்கு முடியாது?”

பெட்டி மேசைக்கு ஏறியது. விமானம் கொஞ்சம் நகர்ந்துகொண்டது. பழுப்பைத் தண்ணீராகக் கரைத்துப் பூசித் துடைத்தார். பெயின்ட்டில் நனைத்த பஞ்சை ஒற்றி ஒற்றிக் கீறல் வைத்தார். மெல்லிய தூரிகையால் மூடியின் குறுக்கே ஒரு விரிசல் வரைந்தார். மறுநாள் வந்த கலியபெருமாள் அலறிவிட்டார்.

“பாய்! ஒடைச்சுப்புட்டீங்களே பாய்!”

“தடவிப் பாருங்க.”

தடவினார். வழவழவென்று இருந்தது. கண்ணுக்கு விரிசல், கைக்கு விரிசல் இல்லை. கலியபெருமாள் வாய் பிளந்தபடி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாளில் அதே வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

“மச்சினன் பாத்தான் பாய். ‘என்ன மாமா, இப்படி ஒடைஞ்ச பெட்டியை வச்சுக்கிட்டு அல்லாடறீங்க, பாவமா இருக்கு’ங்கறான். அவன் பெட்டியை எனக்கு இரவல் தர்றானாம்!”

அந்தச் சிரிப்பு கடலோரமாக ஊருக்கு ஊர் பரவியது. திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து தமிழ்மாறன் என்ற விவசாயி, மருந்து தெளிக்கும் மெஷினோடு வந்தார்.

“மெஷின் வாங்கி ஒரு வாரமாச்சுங்க பாய். இன்னும் என் வயலுக்கு வந்து சேரல. சம்பாவுல புகையான் பூச்சி விழுந்து கெடக்கு. மெஷின் இரவல்ல ஊரைச் சுத்துது. நான் வரப்புல உக்காந்து வழி பாக்கறேன். இன்னைக்குத்தான் புடுங்கிக்கிட்டு வந்தேன்.”

“எத்தனை வருஷம் பழசாக்கணும்?”

“ஒரு எட்டு வருஷம் ஆக்குங்க. பாத்ததும், இது ஓடுமான்னு சந்தேகம் வரணும்.”

அதன்பின் சைக்கிள் வந்தது. ஏணி வந்தது. மண்வெட்டி வந்தது. ஊர்க்கல்யாணத்துக்கெல்லாம் இரவல் போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய தார்ப்பாய் வந்தது. பக்கீர் முகம்மது பரபரத்தார். காலையில் துரு, மதியம் எண்ணெய்க் கறை, மாலையில் கீறல். கொல்லைக்கும் வாசலுக்கும் நடக்க நேரமில்லை. விமானம் சாப்பாட்டு மேசையிலிருந்து அலமாரிக்கும், அலமாரியிலிருந்து அதன் தலைக்கும் போயிற்று. அதற்கு ஒரு இறக்கை நீலம், மறு இறக்கை இன்னும் மணல்.

வளைகுடாவிலிருந்து வந்த புட்டிகள் தீர்ந்தன. கமருன்னிஸா தம்பிக்குப் போன் போட்டாள். சித்தீக் பழுப்பு ஒரு டின், கறுப்பு ஒரு டின் கொண்டுவந்தார். திரும்பத் திரும்ப அலைவானேன் என்று அடுத்த முறை ஒரு பெட்டி டின் வந்தது. டின்களைத் தரையில் வைத்தால் கால் தடுக்கும் என்று, அடுக்கிவைக்க ஒரு ராக்கை வந்தது. பழசாக்க வந்தவர்களில் சிலர், “பாய், வீட்டு ஜன்னலுக்கு எந்த பெயின்ட் நல்லது?” என்று கேட்டார்கள். பக்கீர் முகம்மதுக்குப் பெயின்ட்டைப் பற்றிப் பேசக் கேட்கவா வேண்டும்? தலை நிமிராமலே பதில் சொன்னார். கேட்டவர்கள் கமருன்னிஸாவிடம் போய் ஒரு டின் வாங்கிக்கொண்டு போனார்கள். அதையெல்லாம் கவனிக்க அவருக்கு ஏது நேரம்? ஒரு ஏணியில் கறையான் அரித்த மாதிரி வரைந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் கீழ்வேளூரிலிருந்து வந்த ஒருவர் வாசலில் நின்று, “சித்தீக் பெயின்ட் கடை கிளை இதானுங்களா?” என்றார்.

“கடை பஜார்ல இருக்கு” என்றார் பக்கீர் முகம்மது.

“அது பெரிய கடை. நான் கேக்கறது கிளை. போர்டு இருக்கே!”

தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு அவர் வெளியே வந்தார். வாசலுக்குமேலே ஒரு தகரப் பலகை மாட்டியிருந்தது. ‘சித்தீக் பெயின்ட்ஸ், கிளை. புதிய சாமான்கள் பழசாக்கித் தரப்படும்.’ பலகையின் நாலு ஓரத்திலும் துரு. பல வருஷமாக அங்கேயே தொங்குகிற மாதிரி தத்ரூபமான துரு. அவருக்கு நன்கு தெரிந்த துரு. நடுவில் தாள் ஒட்டிக்கொண்டுவந்து, ‘ஓரம் மட்டும் போதும் மச்சான், தாளைப் பிரிச்சுராதீங்க’ என்று போன வாரம் சித்தீக் கொடுத்த தகரம்!

“கமரு!”

கமருன்னிஸா நிதானமாக வந்தாள். இடுப்பில் சுருக்குப் பை. பின்னால் சித்தீக், தலையில் ஒரு டின் பெட்டியோடு.

“என்ன இது? பிளேன் முடியற வரைக்கும் கடைப் படியை மிதிக்க மாட்டேன்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன்!”

“மிதிச்சீங்களா?”

யோசித்தார். மிதிக்கவில்லை.

“நீங்க வாக்குத் தவறக்கூடாதுன்னுதாங்க கடையை இங்க வரவழைச்சேன்.”

“இதெல்லாம் நடக்காது! இப்பவே போய்ப் பிளேனை முடிக்கிறேன். இன்னைக்கே வார்னிஷ் அடிக்கிறேன். நாளைக்கு இந்த வீட்ல ஒரு டின் இருக்கக்கூடாது!”

“தாராளமா முடிங்க. முடிச்ச மறுநாள் பஜ்ரு தொழுதுட்டு நேரா பஜார் கடைக்கு. நீங்க சொன்னதுதான். தம்பி சாட்சி.”

“ஆமா மச்சான்” என்றார் சித்தீக், பெட்டிக்குக் கீழேயிருந்து. “ஆணி எடைபோட ஆள் இல்லாம கஷ்டமா இருக்கு.”

பக்கீர் முகம்மது வாசலைப் பார்த்தார். கொல்லையைப் பார்த்தார். ஒரு காலை முன்னே வைத்தார், பின்னே எடுத்தார். முடித்தால் அங்கே. முடிக்காவிட்டால் இங்கே. கீழ்வேளூர்க்காரர் அதற்குள் தான் கொண்டுவந்த புது பம்ப்செட் மோட்டாரை மேசைமேல் ஏற்றிவிட்டார். “பங்காளி கண்ணுல படறதுக்குள்ள பழசாயிரணும் பாய்” என்றார்.

“அப்ப… அப்ப ஒண்ணு” என்றார் பக்கீர் முகம்மது, கடைசி மானத்தையும் திரட்டிக்கொண்டு. “என் வீட்டுல நடக்கற கடைக்கு நான்தான் முதலாளி. டீ குடிக்கறதுக்கெல்லாம் யாரையும் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்!”

“தம்பி, மச்சானுக்கு ஒரு முக்காலி எடுத்துப் போடு” என்றாள் கமருன்னிஸா, ராக்கைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி. “என்னங்க, டீ பதினோரு மணிக்கு. எங்கிட்ட சொல்லிட்டுப் போய்க் குடிங்க.”