மாமாவின் மணமேடைக்கு நான் வைத்த பெயர்

கம்ப்யூட்டர் படித்த மாப்பிள்ளை வாய்த்த மாமனார் என்றைக்காவது ஒருநாள் வெப்சைட் கேட்டே தீருவார். முடியாது என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. இரண்டாவதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

என் மாமனார் கடலூரில் பூ அலங்காரம் செய்பவர். கல்யாண மேடை, வளைகாப்பு ஊஞ்சல், வரவேற்பு வளைவு எல்லாம் கட்டுவார். இறுதி ஊர்வலத்துக்குப் பூப்பல்லக்கும் உண்டு. (அதையும் போடுங்க மாப்ள, அதுவும் தொழில்தானே என்றார். நியாயம்தான்.) புவனகிரியில் வசதியான விவசாயக் குடும்பம் ஒன்று மகள் கல்யாணத்துக்கு அலங்காரம் பேச வருவதாக இருந்தது. மண்டபம் சிதம்பரத்தில். இது கிடைத்தால் அந்தப் பக்கத்துக் கல்யாணமெல்லாம் தன்னிடம் வந்துவிடும் என்று மாமா ஆசையாக இருந்தார். அதற்குள் வெப்சைட் தயாராக வேண்டும்.

சிதம்பரத்தில் என் வீட்டில் உட்கார்ந்து வெப்சைட்டை உருவாக்கினேன். படம் ஏற்றும் பகுதியை நானே எழுதினேன். (யார் கேட்டார்கள்?) மாமனார் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் படங்களுக்கு "மாமா கட்டிய மணமேடை", "மாமா கட்டிய ஊஞ்சல்" என்று மரியாதையாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பெயர் வைத்தேன். என் லேப்டாப் அத்தனையையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. இடைவெளி ஆகாது என்றால் அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாமே. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெப்சைட்டோ, முதல் இடைவெளியைக் கண்டதும் பெயர் முடிந்துவிட்டது என்று முடிவு கட்டியது. ஒவ்வொரு படத்தையும் வெறும் "மாமா" என்று சேமித்து, பழைய மாமாவை அழித்துப் புது மாமாவை வைத்தது. மிஞ்சியது நான் கடைசியாக ஏற்றிய படம் மட்டும். கடைசியாக ஏற்றியது பூப்பல்லக்கு. சரிபார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். நான் எழுதியதை நானே சந்தேகப்படுவதா?

அவர்கள் பேச வந்த அன்று நானும் கடலூர் கடையில் இருந்தேன். பெண்ணின் அப்பா தன் போனில் வெப்சைட்டைத் திறந்தார். 'மணமேடை' என்ற தலைப்புக்குக் கீழே பூப்பல்லக்கு. விரலால் தள்ளினார். 'வளைகாப்பு ஊஞ்சல்' என்பதற்குக் கீழேயும் அதே பல்லக்கு, முன்னால் சங்கு ஊதுகிறவரோடு. 'மணமக்கள் வரவேற்பு' வந்தபோது அவர் மனைவி போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"நல்ல காரியம் பேச வந்த எடத்துல இத எதுக்குங்க காட்டுறீங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். படத்தின் பெயரில் இடைவெளி விட்டதால் வந்த வினை என்று விளக்க ஆரம்பித்தேன். காபி வருவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "படிச்ச புள்ளன்னு நம்பிட்டேன் மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு, பூவுக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அதைவிட ஆத்திரம். கண்ணுக்கே தெரியாத ஒரு காலி இடம், ஒரு மனுஷனின் கல்யாண ஆர்டரைத் தூக்கிக்கொண்டு போவது என்ன நியாயம்? வீடு திரும்பியதும் எல்லாப் பெயரிலும் இடைவெளியை எடுத்துவிட்டுக் கோடு போட்டு, படங்களை மறுபடி ஏற்றினேன். அந்தக் கல்யாணத்துக்கு வேறு ஆள் மேடை கட்டினார்.

பிறகு ஒருநாள் அதே புவனகிரிக்காரர் மாமாவுக்குப் போன் செய்தார். அவர் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டாராம். "அன்னிக்குத் திரும்பத் திரும்பக் காட்டுனீங்களே, அதே பல்லக்கு வேணும்" என்றார். அதைப் பார்த்தவர்கள் நம்பர் வாங்கினார்கள். இப்போது பரங்கிப்பேட்டை வரை பல்லக்கு என்றால் மாமாதான். கல்யாணம்தான் ஒன்றும் வரக் காணோம். "சாவு ஆர்டரெல்லாம் நம்ம மாப்ள புண்ணியத்துல வர்றது" என்று அவர் பெருமையாகவே என்னை அறிமுகப்படுத்துகிறார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நான் தட்டு இட்லியைப் படம் எடுத்துப் போட்டாலும், என் மனைவி கவிதா சமையலறையிலிருந்து கேட்கிறாள்: "யாருங்க போய்ட்டாங்க?"