நூற்று நாற்பத்தேழில் நூற்றைக் காணோம்

மூடிப்போன ஒரு தட்டச்சுப் பள்ளியின் மாடியில்தான் அந்த அதிசயம் நடந்துகொண்டிருந்தது. காலை எட்டு மணிக்கே படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. நின்றவர்கள் எல்லாரும் படித்தவர்கள். ஒரு கணக்கு வாத்தியார், ஒரு வங்கி மேலாளர் அம்மாள், கணவனும் மனைவியுமாக இரண்டு பல் டாக்டர்கள். எல்லார் பிள்ளைகளும் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். கல்லூரிகளோ இடம் உண்டு என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், காத்திருப்போர் பட்டியலில் தொங்கவிட்டிருந்தன. தொங்குகிறவர்களை இறக்கிவிடத்தான் உள்ளே ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

பட்டியல் எண்ணை இறக்கித் தருகிறவர் என்பதால் அவருக்கு 'இறக்குமதி ஐயா' என்று பெயர். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். எந்தக் கல்லூரியில் படித்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிறவர்களாக இருந்தால் ஏன் படிக்கட்டில் நிற்கப்போகிறார்கள்?

அன்று வரிசையில் ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக், மனைவியோடும் மகளோடும் நின்றிருந்தார். மகளை நான்கு கல்லூரிகள் காத்திருக்கச் சொல்லியிருந்தன. அம்மா மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. அப்பா தூங்கினார், ஆனால் தூக்கத்தில் எண் சொன்னார். மகள் மட்டும்தான் வர மாட்டேன் என்றாள். "எனக்காக ஒரு தடவை வா" என்று அம்மா கண்ணைக் கசக்கியதும் வந்துவிட்டாள்.

"நாலு கல்லூரியில எது முக்கியம்?" என்று கேட்டார் ஐயா.

"முதல் கல்லூரிதாங்க. அதுல நூத்தி நாப்பத்தேழு" என்றாள் அம்மா.

ஐயா ஒரு சீட்டில் 147 என்று எழுதி, அதன்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "துடிப்பு கனமா இருக்கு. நூறு பேரோட பொறாமை மேல உக்காந்திருக்கு."

பக்கத்தில் எரிந்த விளக்கின்மேல் ஒரு செம்புத் தட்டு இருந்தது. சீட்டை அதில் வைத்து முணுமுணுத்தார். ஒரு நிமிடத்தில் எண்ணின் முன்னால் இருந்த 1 மங்கியது. பிறகு காணாமலே போனது. மிச்சம் 47.

அம்மா அழுதுவிட்டாள். அப்பா கைகூப்பினார். மகள் தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

"நம்பாத விரலைத்தான் சுடும்" என்றார் ஐயா. "தாள்ல இறங்கியாச்சு. கல்லூரிக்குப் போய்ச் சேரப் பத்து நாளாகும். அதுவரைக்கும் எந்தக் கல்லூரிக்கும் கடிதமோ மெயிலோ அனுப்பக் கூடாது. எழுதினா எண் கோவிச்சுக்கிட்டு மேல ஏறிடும்."

காணிக்கையை மட்டும் பத்து நாள் காக்கவைக்காமல் அப்போதே வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், முதல் கல்லூரியிலிருந்து மெயில். காத்திருக்க விருப்பமா என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள்.

மகள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். "முதல் ரெண்டு கல்லூரிக்கும் ஒழுங்கா எழுதணும்பா. ஆஸ்பத்திரியில ஆறு மாசம் வேலை பழகினதை விண்ணப்பத்துல சேர்க்கல, அதையும் சொல்லணும். மத்த ரெண்டும் கிடைச்சாக்கூட நான் போகப்போறதில்ல. வேண்டாம்னு சொல்லிட்டா, பின்னால நிக்கிற யாராவது முன்னால வருவாங்க."

"கையில இருக்கிறதை யாராவது விடுவாங்களா?" என்றாள் அம்மா. "ஐயா எழுதக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. வாயை மூடிக்கிட்டு இரு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல, பொறுத்துக்கோம்மா" என்றார் அப்பா. அவருக்கு மனைவியிடமும் பயம், ஐயாவிடமும் பயம்.

செவ்வாய்க்கிழமை கல்லூரியின் இணையதளத்தில் எண் 139 ஆனது. அம்மா வெற்றியோடு நிமிர்ந்தாள். "பாத்தியா? எட்டு இறங்கியிருக்கு."

"என் ஃப்ரெண்டுக்கும் நூத்தி அறுபதுல இருந்து நூத்தி அம்பத்திரண்டு. அவளும் எட்டு. அவ ஐயாவைப் பார்த்ததே இல்லையேம்மா?"

"நம்ம காத்து அவ மேலயும் பட்டிருக்கும்."

இதற்கு மேல் எந்த மருத்துவக் கல்லூரியாலும் வைத்தியம் பார்க்க முடியாது.

புதன்கிழமை மாலை அப்பா பேயறைந்தவர்போல வீட்டுக்கு வந்தார். ஐஸ்கிரீம் கிடங்கின் குளிர் அறையில் கதவு ரப்பர் மாற்றுகிற வேலை. நல்லது நடக்கட்டும் என்று சீட்டைக் கருவிப் பையின் பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கூடவே கொண்டுபோயிருந்தார். வேலை முடிந்து பையை எடுத்தால், சீட்டில் 147.

"என்ன பாவம் பண்ணேன்னு தெரியலம்மா" என்றார். "ஒன்னு திரும்பி வந்துடுச்சு."

மகள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். கொதிக்கிற கெட்டிலின் மேல் ஒட்டிப் பிடித்தாள். ஒன்று மறைந்தது. ஃப்ரீசரில் வைத்துக் கொஞ்சம் பொறுத்து எடுத்தாள். ஒன்று வந்து நின்றது. மறுபடி கெட்டில், மறுபடி ஃப்ரீசர். அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"சூட்டுல மறையற மைப்பா. குளிர்ல திரும்ப வரும்."

"அப்போ நாலும் ஏழும் ஏன் மறையல?" என்று கேட்டாள் அம்மா, கடைசி நம்பிக்கையோடு.

"அது வேற பேனா. கோட்டுப் பையில ரெண்டு குத்தியிருந்தாரே, பார்க்கலையா?"

அப்பா ஃப்ரீசர் கதவைத் தானே ஒரு தடவை திறந்து மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இருபத்தஞ்சு வருஷமா குளிரை வெச்சே பொழைக்கிறேன். என்னையே சூடு காட்டி ஏமாத்திட்டானே."

மறுநாள் காலை அப்பா, தன் கடையில் இரவெல்லாம் ஓடவிட்டிருந்த, கண்ணாடி மூடி போட்ட ஐஸ்கிரீம் ஃப்ரீசர் ஒன்றை ஐயாவின் மாடியில் ஏற்றினார். ஐயாவுக்குக் காணிக்கை என்று நினைத்துக் கூட்டமே ஒரு கை கொடுத்தது.

மகள் எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்: "ஐயா முன்னாடி இறக்கிக் கொடுத்த சீட்டையெல்லாம் பத்து நிமிஷம் இதுக்குள்ள வைங்க. இறங்கின எண் இறங்கினபடியே இருந்தா, நான் ஐயாகிட்ட மன்னிப்புக் கேட்கிறேன்."

"அருளுக்குக் குளிர் ஆகாது" என்றார் ஐயா, அவசரமாக.

"அருளுக்கு ஜலதோஷம் பிடிக்குமா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். சிரிப்பு கிளம்பியது. சிரித்தவர்கள் சீட்டையும் எடுத்தார்கள்.

இருபத்தொரு சீட்டுகள் உள்ளே போயின. கண்ணாடிக்கு மேல் அத்தனை தலைகள். "எங்களோட ரெண்டு வந்துடுச்சு" என்றார் பல் டாக்டர். "எனக்கு மூணு" என்றார் இன்னொருவர். போன எண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

மகள் தன் பேனாவால் ஒரு தாளில் 139 என்று எழுதி நீட்டினாள். "இதை இறக்குங்க ஐயா."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஐயா தட்டில் வைத்தார். முணுமுணுத்தார். குரலை உயர்த்தினார். தாள் பழுத்தது, ஓரம் கருகியது, புகை வந்தது. எண் மட்டும் அசையவில்லை.

கணக்கு வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. "ஆனா என் பையன் எண் கல்லூரி லிஸ்ட்லயே இறங்கிச்சேம்மா."

"எல்லாருக்கும்தான் இறங்கும் சார். ஒருத்தர் கையில நாலு இடம் இருக்கும். ஒன்னை வெச்சுக்கிட்டு மூணை விடுவாங்க. முன்னால நிக்கிறவங்க போனா பின்னால நிக்கிறவங்க நகருவாங்க. கழித்தல் கணக்கு."

வாத்தியார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வங்கி மேலாளர் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "நாங்க பதிலே எழுதலையே" என்று சொல்லிக்கொண்டே போனைத் திறந்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "திங்கட்கிழமையே என் பையன் பேரை எடுத்துட்டாங்க. முப்பதாவது இடத்துல இருந்தான்."

மற்றவர்களும் அவசரமாகத் தங்கள் போனைத் திறந்தார்கள். ஐயா கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நழுவப் பார்த்தார். ஆனால் படிக்கட்டு முழுக்க அவரே சேர்த்த கூட்டம், இறங்க வழியில்லை. யாரோ அழைத்த போலீஸ்காரர் வந்து வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டபோது, ஐயா கழற்றிப் போட்ட கோட்டின் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "உன் பேனா வேண்டாம்" என்று போலீஸ்காரர் தன்னுடையதைக் கொடுத்தார்.

அன்று மதியமே மகள் நான்கு மெயில்கள் எழுதினாள். இரண்டு கல்லூரிகளுக்கு, காத்திருக்கிறேன் என்று, காரணங்களோடு. இரண்டு கல்லூரிகளுக்கு, வேண்டாம் என்று, நன்றியோடு. அனுப்புகிற பொத்தானை அம்மாதான் அழுத்தினாள். ஏழு வாரம் கழித்து இரண்டாவது கல்லூரி மகளை அழைத்தது. முதல் கல்லூரி கடைசிவரை அழைக்கவே இல்லை. மேலாளர் அம்மாளின் மகன் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

ஐயாவின் மகிமையால்தான் அந்தப் பெண்ணுக்கே இடம் கிடைத்தது என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மருத்துவக் கல்லூரியில்தான் இடம் குறைவு. யோசிப்பதற்குக் காத்திருப்போர் பட்டியல் எதுவும் கிடையாது. இடமெல்லாம் காலியாகத்தான் கிடக்கிறது, இன்றைக்கே வந்து சேரலாம்.