ஒரு விரற்கடை நீளம்

கம்ப்யூட்டர் பெட்டியின் மூடி, மூடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. புதிதாக, அதாவது பழைய சாமான் கடையில் புதிதாக வாங்கிய கிராபிக்ஸ் கார்டு, பெட்டியைவிட ஒரு விரற்கடை நீளம். நூலகர் முட்டிபோட்டு அமுக்கினார், தட்டினார், கெஞ்சியும் பார்த்தார்.

நாலு மணிக்கு மைத்துனனோடு கம்ப்யூட்டரில் கார் பந்தயம். ஞாயிறுதோறும் அவரவர் வீட்டிலிருந்தே ஓட்டுவார்கள். ஞாயிறுதோறும் நூலகர் தோற்பார். "என் கம்ப்யூட்டர் ஓட்டைடா" என்பது வழக்கமான சமாதானம். இன்றும் தோற்றால், 'எனக்கு ஓட்டத் தெரியாது' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் கையாலேயே எழுத வேண்டும். மாமனார் ஒரு எழுத்து விடாமல் படிக்கிற குழு.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"உன் தம்பிகிட்ட இருக்கறது ராட்சச மெஷின்! நான் கட்டைவண்டியில போட்டி போடறேன். தெரிஞ்சு பேசு."

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கார்டுக்கு இடம் பண்ணினார். கழற்றியதை வைக்க இடமில்லை. ஷூ லேஸில் கட்டித் தொங்கவிட்டார். சுவிட்சைப் போட்டதும் பெட்டி ஒரு முனகல் முனகி அணைந்தது. கார்டின் பசிக்குப் பழைய பவர் சப்ளை போதவில்லை.

கடைக்கு ஓடினார். கையில் காசில்லை. மானிட்டரைக் கொடுத்துவிட்டுப் பெரிய பவர் சப்ளையாக வாங்கி வந்தார்.

"சரி, இனிமே எதைப் பார்த்து ஓட்டுவீங்க?" என்று மனைவி கேட்டபோதுதான் உறைத்தது.

"ஹால்ல டி.வி. இருக்கே!"

"நான் படம் பாத்துட்டிருக்கேன். கொலைகாரன் யாருன்னு இன்னும் தெரியல."

"டிரைவர்தான். எழுந்திரு."

டி.வி.யில் மாட்டியாயிற்று. மூடியில்லாத பெட்டி மாவு மில் போல இரைந்தது, தொட்டால் சுட்டது. மேஜை விசிறியைத் திருப்பி வைத்தார். அந்தக் காற்றில் ஹார்ட் டிஸ்க் ஊஞ்சலாடத் தொடங்கியது. அதை இடக்கையால் பிடித்துக்கொண்டு, வலக்கையால் மட்டும் வண்டியைக் கிளப்பினார்.

"என்ன மாமா, பின்னாடி ஹெலிகாப்டர் சத்தம்?" போனில் மைத்துனன் சிரித்தான்.

"உன்னை முந்தத்தான்டா!"

முதல் திருப்பத்திலேயே சுவரில் போய் நின்றார். வண்டியைப் பின்னால் எடுப்பதற்குள் அவன் எல்லையைத் தொட்டுவிட்டான்.

"குழுவில எழுதிடுங்க மாமா. அப்பா காத்துட்டிருக்கார்."

"இருடா, இரு! கார்டு கோளாறு. வேற கார்டு போட்டுட்டு மறுபடி ஓட்டறேன்!"

கார்டைப் பிடுங்கிக்கொண்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்குப் பறந்தார்.

"இதை எடுத்துக்கிட்டு வேற ஏதாவது குடுங்க. இது இருந்தா மனுஷன் ஜெயிக்கவே முடியாது!"

கடைக்காரர் தலையாட்டினார்.

"வாஸ்தவம்தான் சார். இதை எனக்கு வித்த தம்பியே இப்பத்தான் போன் பண்ணுச்சு, கார்டே இல்லாம ஓட்டித்தான் இன்னிக்கும் அவங்க அக்கா வீட்டுக்காரரை ஜெயிச்சுதாம்."