தலை தீபாவளி நாக் அவுட்

கல்யாணமான முதல் ஆறு மாதம், என் மனைவியின் அத்தை மகன் மேல் எனக்குப் பொறாமையே கிடையாது என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.)

அவர் பெயர் இளங்கோ. குத்தாலம் பக்கத்தில், என் மாமனார் வீட்டுக்கு அடுத்த தெரு. கல்லூரி நாட்களில் பல்கலைக்கழக அளவில் குத்துச்சண்டை போட்டவர். எங்கள் கல்யாண சமயத்தில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்தார். கையில் கிளவுஸ் மாட்டி, கேமராவை முறைத்தபடி அவர் நிற்கும் படம் மாமனார் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு நேர் மேலே தொங்கியது. எங்கள் கல்யாணப் படத்தை ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். யாராவது தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதெல்லாம் நானும் கயலும் குப்புற விழுவோம்.

கயல் என்னை "என்னங்க" என்பாள். அவரை "இளங்கோ அத்தான்" என்பாள். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே இருந்த தூரத்தை நான் ராத்திரி பகலாக அளந்துகொண்டிருந்தேன். முறைப்படி பார்த்தால் அவருக்கு நான் தம்பி ஆகவேண்டும். அவரும் வாய் நிறைய "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். (எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி என்றால் பாதி நேரம் வரப்புத் தகராறு என்று அர்த்தம்.) எங்கள் கல்யாணத்தன்று சோற்று அண்டாவைத் தனியாளாகத் தூக்கிப் போயிருக்கிறார். கல்யாண வீடியோவில் நான் தாலி கட்டும் அந்தக் கணத்தில், என் முகத்தை மறைத்துக்கொண்டு அந்த அண்டா போகிறது.

இவருக்கு எதிராக என்னிடம் என்ன இருந்தது? தஞ்சாவூரில் ஒரு டிராக்டர் ஷோரூமில் பில் போடும் வேலை, இளம் தொப்பை. அப்புறம், குத்துச்சண்டை வீடியோ கேம்.

காலேஜ் படித்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கேமிங் சென்டர் இருந்தது. கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் வரிசை நிற்கும். மூலையில் பாக்சிங் ஓடும் கேம் பெட்டி மட்டும் எப்போதும் காலி. வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு அதில் உட்கார்ந்தவன்தான் நான். கிரிக்கெட் வருஷா வருஷம் புதிதாக வந்தது. பாக்சிங் வரவேயில்லை. கடைக்காரர் பாபு அண்ணனிடம் கேட்டேன்.

"பாக்சிங்க இப்ப யாருப்பா பாக்குறா?" என்றார். "முன்னாடி சாம்பியன்னா ஒரே ஆளு, சின்னப் புள்ளைக்கும் பேரு தெரியும். இப்ப ஒரு எடைப் பிரிவுக்கு நாலு சங்கம், நாலு பெல்ட்டு, நாலு சாம்பியன். எவன் நெசமான சாம்பியன்னு அவன் பொண்டாட்டிக்கே தெரியாது. ஃபுட்பால்னா ஒரு சங்கத்துக்கிட்டப் பேசினா மொத்த டீமும் கேமுக்குள்ள வந்துரும். இவனுங்க மூஞ்சிய கேமுல போடணும்னா ஒவ்வொருத்தன் வீட்டு வாசலுக்கும் போயி கையெழுத்து வாங்கணும். பாக்க ஆளில்லாத சண்டைக்கு எவன் அவ்வளவு அலைவான்?"

கடையை மூடியபோது அந்தப் பழைய பெட்டியையும் டிஸ்க்கையும் என்னிடமே கொடுத்துவிட்டார். பல வருஷம் கழித்துப் புதிதாக ஒரு பாக்சிங் கேம் வந்ததாகச் சொன்னார்கள். அது என் பெட்டியில் ஓடாது. ஆகவே நான் பழைய வீரர்களோடேயே குத்திக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரில் என்னை வீழ்த்த ஆள் கிடையாது. (ஆடவே ஆள் கிடையாது.)

தலை தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது திட்டம் பிறந்தது. மாமனார் வீட்டில், அந்தப் படத்துக்குக் கீழேயே, கயலின் கண்ணெதிரே, இளங்கோவை பாக்சிங்கில் தோற்கடிப்பது. ஆபீஸ் விட்டு வந்ததும் பயிற்சி. இடதுபக்கம் ஒதுங்கி, வயிற்றில் இரண்டு, தாடையில் ஒன்று. கயல் காய் நறுக்கியபடியே பார்ப்பாள்.

"யார் மேலங்க இவ்வளவு கோவம்?"

"கோவமா? சும்மா உடற்பயிற்சி."

"கட்டை விரலுக்கா?"

தீபாவளியன்று குத்தாலத்தில் கொட்டோ கொட்டென்று மழை. பட்டாசு எல்லாம் நமத்துப்போனது. எண்ணெய்க் குளியல் முடித்து, லேகியம் விழுங்கி, பட்டு வேட்டியோடு நான் கூடத்தில் உட்கார்ந்தபோது, வெளியே போக வழியில்லாத சொந்தமெல்லாம் அங்கேயே கூடியிருந்தது. இதைவிட நல்ல அரங்கம் கிடைக்குமா? தஞ்சாவூரிலிருந்து கையோடு கொண்டுவந்த பெட்டியை டிவியில் மாட்டினேன்.

இளங்கோ நனைந்துகொண்டே வந்தார். நட்டு பத்து நாள்கூட ஆகாத சம்பாப் பயிர் மூழ்கிவிடும் என்று விடியற்காலையிலேயே வடிகாலை வெட்டிவிடப் போயிருக்கிறார். அவர் வயலை மட்டும் அல்ல, என் மாமனார் வயலையும். மாமியார் ஓடிப்போய்த் துண்டு கொடுத்தார். எண்ணெயிலிருந்து சூடாக எடுத்த முதல் சுழியம் அவருக்குத்தான் போனது. மாப்பிள்ளை எனக்கு இரண்டாவது.

"அண்ணே, ஒரு ஆட்டம் போடலாமா?" என்றேன், தேன் ஒழுக.

"எனக்கு இதெல்லாம் தெரியாதே தம்பி."

"பாக்சிங்தானேண்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

முதல் ஆட்டம் ஒன்றரை நிமிஷம்கூட ஓடவில்லை. அவருடைய ஆள் ரிங்கின் கயிற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தான். எந்தப் பொத்தான் எதற்கு என்று அவர் தேடுவதற்குள் வயிற்றில் இரண்டு, தாடையில் ஒன்று. நாக் அவுட்! நான் எழுந்து இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன்.



"பாவம், அது கையக்கூடத் தூக்கல. அதப் போயி இப்படி அடிக்கிறீங்களே மாப்ள" என்றார் மாமியார்.

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "இன்னொரு ஆட்டம் வைங்க. சொல்லிக் குடுத்துட்டு ஆடுங்க. அதான் முறை."

சொல்லிக்கொடுக்க நான் வாய் திறப்பதற்குள் கயல் எழுந்துபோய் இளங்கோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு மாதம் காய் நறுக்கியவள் கத்தரிக்காயை மட்டும் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அத்தான், இது தடுக்குறது. இது குத்துறது. இவரு எப்பவும் எடது பக்கமாத்தான் வருவாரு. வயித்துல ரெண்டு, தாடையில ஒண்ணு. வேற எதுவும் தெரியாது. தடுத்துக்கிட்டே இருங்க, இவரு ஆளுக்கு மூச்சு வாங்கும்."

என் மனைவி. என் தலை தீபாவளி. என் பெட்டி.

இளங்கோ தடுத்துக்கொண்டே இருந்தார். நான் ஆத்திரத்தில் எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன். மூன்றாவது ரவுண்டில் என் ஆளுக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது. "தம்பி களைச்சுட்டாரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இளங்கோ அடிக்க ஆரம்பித்தார். கூடமே எழுந்து நின்றது. மாமியார் அதிரசத் தட்டைத் தட்டித் தாளம் போட்டார். "அத்தான், அடிங்க!" என்று கயல் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கடைசிக் குத்து வலதுபக்கமிருந்து வந்தது. டிவியில்தான். ஆனால் நான் இருந்த நிலையில் டிவி எது, வீடு எது என்று தெரியவில்லை. அதிலிருந்து தப்பிக்க முழு வேகத்தோடு இடதுபக்கம் தலையைச் சாய்த்தேன். கூட்டத்தின் புழுக்கம் தாங்காமல் யாரோ அந்தப் பக்கத்து ஜன்னல் கதவை உள்பக்கமாகத் திறந்துவிட்டிருந்தார்கள். தேக்கு.

நானும் திரையில் என் ஆளும் ஒரே நேரத்தில் விழுந்தோம் என்று பிறகு சொன்னார்கள்.

கண் திறந்தபோது இளங்கோ என் மேல் குனிந்து, "எத்தனை விரல் தெரியுது தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். புருவம் கிழிந்து ரத்தம். தெருவில் முழங்கால் சேறு. அவர் பைக் ரோட்டில் நின்றது. ஆகவே அவர் என்னை நெல் மூட்டைபோலத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பட்டு வேட்டி மாப்பிள்ளை தோளில் தொங்குவதை இரண்டு பக்கமும் ஜனம் நின்று பார்த்தது.

அன்று திறந்திருந்த ஒரே கிளினிக்கில் டாக்டர் என் புருவத்தைப் பார்த்தார். பிறகு இளங்கோவைப் பார்த்தார்.

"எப்படி ஆச்சு?"

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஜன்னலிடம் அடிவாங்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"பாக்சிங்ல டாக்டர்" என்று முனகினேன். (பொய்யா? இல்லை. உண்மையா? அதுவும் இல்லை.)

டாக்டர் தையல் போட்டபடியே இளங்கோவைக் காய்ச்சி எடுத்துவிட்டார். "வாத்தியாராய்யா நீ? தலை தீபாவளி மாப்பிள்ளை மேலயா கை வைப்ப?" இளங்கோ என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் திட்டை வாங்கிக்கொண்டு பீஸைக் கட்டினார்.

திரும்பும் வழியில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவராகச் சொன்னார்: "நான் பைனல் ஆடினப்ப பாக்க வந்தவங்கள விரல் விட்டு எண்ணிடலாம் தம்பி. பாதிப் பேரு ஜட்ஜு. வீட்டுல மாட்டியிருக்கிற படம்கூட அப்புறம் ஸ்டூடியோவுல எடுத்ததுதான், ரிங்குல எடுக்க ஆளில்ல. நான் ஜெயிக்கிறத எங்க ஆளுங்க பாத்தது இன்னைக்குத்தான். உங்க புண்ணியம்."

இதைக் கேட்டதும் பொறாமை என்னை விட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இவ்வளவும் போதாதென்று நல்லவனாகவும் இருக்கிறானே என்று இன்னும் கூடியது.

மத்தியானத்துக்குள் செய்தி எங்களை முந்திவிட்டது. கிளினிக்கில் மருந்து கட்டியவர் தஞ்சாவூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரருக்குச் சொந்தமாம். மூன்று மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் இறங்கினார்கள்.

"எவன்டா அவன், என் புள்ளையக் குத்துன பாக்சரு?"

அதே நேரம் இளங்கோவின் போன் அடித்தது. பள்ளித் தாளாளர். செய்தி அவர் காதுக்கும் போயிருக்கிறது. நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம், விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். இளங்கோ "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லி வைத்தார். கயல் அவரைப் பார்த்தாள், என் அப்பாவைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"பாக்சிங்னு..."

"இப்ப நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

கொட்டும் மழையில், இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் நின்று நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்: "யாரும் அடிக்கலப்பா. ஜன்னல்."

"என்னது?"

"ஜன்னல்ல இடிச்சுக்கிட்டேன். டிவியில வந்த குத்துக்குக் குனிஞ்சேன்."

அப்பா நம்பவில்லை. உள்ளே போய் ஜன்னலைப் பார்த்தார். பெரிய சித்தப்பா கதவைத் தட்டிப் பார்த்து, "நல்ல மரம்" என்றார். தாளாளருக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "தம்பி, பக்கத்துல அவன் நிக்கிறானா? பயப்படாமச் சொல்லுங்க, ஆமான்னா ஒரு இருமல் இருமுங்க" என்றார். சத்தியம் செய்தேன். இரண்டு சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய, இளங்கோ என் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார் என்று அவருக்கு உறுதியாகிக்கொண்டே போனது. பொறுக்கமுடியாமல் அப்பா போனைப் பிடுங்கினார்.

"சார், நான் அவன் அப்பா பேசுறேன். சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்படித்தாங்க. சைக்கிள் கத்துக்கிட்டப்ப நின்னுக்கிட்டிருந்த எருமை மேல மோதினவன். அந்த வாத்தியார் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல."

எருமை என்றதும் தாளாளர் நம்பிவிட்டார். இளங்கோவின் வேலை தப்பியது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க தம்பி" என்றார். (கொஞ்சமாவது கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!) அப்பாவும் சித்தப்பாக்களும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இருந்து, இளங்கோவோடு வரிசையாக பாக்சிங் ஆடிவிட்டு, என்னை அங்கேயே விட்டுவிட்டு வேன் ஏறினார்கள்.

அதெல்லாம் நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இளங்கோவுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. நான் வாசலில் தெரிந்ததும் மாமியார் முதலில் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார், பிறகுதான் "வாங்க மாப்ள" என்பார். போன வருஷம் வீட்டைப் புதுப்பித்தார்கள். அந்தத் தேக்குக் கதவுகளைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் தள்ளுகிற கண்ணாடி ஜன்னல் போடச் சொன்னாராம் மாமனார். ஆசாரிக்கு மனசே இல்லை. "ஏங்க, இந்த மாதிரி மரம் இனிமே கிடைக்குமா? எதுக்குங்க மாத்துறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

மாமனார் சொன்னாராம்: "எங்க மாப்ள பாக்சருங்க."

சிரிக்காமல்தான் சொன்னார் என்று கயல் சத்தியம் செய்கிறாள்.