விடை தெரிந்துவிட்ட ஓணான்

ஒரு காட்டில், வெட்டியது போக மீதியிருந்த மரங்களுக்கு நடுவே, ஒரு டிவி நிலையம் இருந்தது. அங்கே வினாடி வினா நடத்த ஆள் தேடினார்கள். முதலில் ஆந்தை வந்தது. படித்த ஆந்தை. போட்டியாளர் பதில் சொன்ன மறுநொடியே "சரி" என்றது, ஏன் சரி என்று கால் மணி நேரம் விளக்கியது. விளம்பரம் போட இடமே இல்லை. அடுத்து வந்த மயில் கேமராவில் தன் அழகைப் பார்த்ததோடு சரி, கேள்வியே கேட்கவில்லை.

அந்த நேரம் சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு ஓணான் இயக்குநர் மரநாயின் கண்ணில் பட்டது.

"தம்பி, ரெண்டும் ரெண்டும் அஞ்சா?" என்று மரநாய் விளையாட்டாகக் கேட்டது.

ஓணான் தலையை ஆட்டியது. ஆமாம் என்பது போலவும் இருந்தது, அடப் போய்யா என்பது போலவும் இருந்தது.

"இவன்தான்யா நம்ம ஆளு. முகத்துல ஒண்ணுமே தெரியல."

"தெரியணும்னா உள்ள ஏதாவது இருக்கணும்ல," என்று விளக்குப் பிடித்த குரங்கு முணுமுணுத்தது. உண்மையைத்தான் சொன்னது. மறுநாளிலிருந்து அதை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஓணானின் பெயர் வேலியப்பன். வேலை ரொம்பச் சுலபம். கேள்வி அட்டையில் இருக்கும், விடை ஒட்டிய உறைக்குள் இருக்கும். போட்டியாளர் பதில் சொன்னதும் தலையை ஆட்டி, "உறுதியா?" என்று கேட்க வேண்டும். பதில் சொன்னவருக்கு வியர்க்கும், வீட்டில் பார்க்கிறவர்களுக்கும் வியர்க்கும். பிறகு இடைவேளை. இடைவேளை முடிந்து உறையைக் கிழித்து உள்ளே இருப்பதைப் படித்தால் தீர்ந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்பார்களே, அதுபோல உறைக்கு வேலியப்பன் சாட்சி, வேலியப்பனுக்கு உறை சாட்சி.

மூன்றே மாதத்தில் காடே அவர் பின்னால் திரண்டது. பார்த்தீர்களா, நானும் 'அவர்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் அவர்தான். பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. குட்டிக்குக் காய்ச்சல் என்று மான்கள் அவரிடம் வந்து கேட்டன. அவர் தலையாட்டுவார். குணமானால் டாக்டர் வேலியப்பன் கைராசி, குணமாகாவிட்டால் குட்டியின் தலையெழுத்து. வீட்டில் மனைவி பொன்னரசி, குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்டாலும் ஒரு இடைவேளை விட்டுத்தான் பதில் சொல்வார். அதற்குள் குழம்பு ஆறிவிடும்.

ஆனால் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்கு மட்டும் தெரியும். அது அவர் மனசைப் போட்டு அரித்தது. சாவதற்குள் ஒரு தடவையாவது, உறையைப் பார்க்காமல், எனக்கே தெரிந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசை யாரை விட்டது.

ஒரு நாள் அங்கமுத்து என்ற ஆமை போட்டிக்கு வந்தது. அதன் குளத்தைத் தூர்த்துத்தான் டிவி நிலையத்துக்கு வண்டி நிறுத்துமிடம் போட்டிருந்தார்கள். ஜெயித்தால் மலையடிவாரத்து வற்றாத சுனையில் ஆயுசுக்கும் ஒரு இடம் என்று அறிவித்திருந்ததால், ஒன்பது படிவம் எழுதி, நாலு மாதம் வரிசையில் நின்று வந்திருந்தது. ஓடு வெடித்துப்போயிருந்தது, பாவம். ஆனாலும் கடைசிக் கேள்வி வரை வந்துவிட்டது.

"ஆமை அதிகபட்சம் எத்தனை வருஷம் வாழும்? ஐம்பதா, எண்பதா, நூறா, இருநூறா?"

"இருநூறுங்க. எனக்கே நூத்திப் பன்னெண்டு நடக்குது," என்றது அங்கமுத்து.

வேலியப்பன் தலையாட்டினார். "உறுதியா?"

"இருக்கேனே, அப்புறம் என்னங்க உறுதி?"

இடைவேளை முடிந்தது. உறையைக் கிழித்தார். நூறு என்று இருந்தது.

வேலியப்பன் உறையைப் பார்த்தார், ஆமையைப் பார்த்தார். காதில் மாட்டியிருந்த கருவியில் மரநாய் கிசுகிசுத்தது. "அய்யா, படிங்க."

"தப்பா இருக்கே."

"தப்புன்னாலும் படிங்க. இல்லைன்னா இதுவரைக்கும் தோத்தவன் எல்லாம் மனுவைத் தூக்கிக்கிட்டு வருவான்."

வேலியப்பன் நாற்காலியை நினைத்தார், பட்டத்தை நினைத்தார். எதிரே ஆமையின் வெடித்த ஓட்டையும் பார்த்தார்.

"உறைதான் தப்பு. பெரியவர் சொன்னது சரி. இது எனக்கே தெரியும்," என்றார். அவர் தலை துளிகூட ஆடவில்லை.

காடு எழுந்து நின்று கைதட்டியது என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள். பழைய கதைகளைப் படித்துக் கெட்டுப்போயிருக்கிறீர்கள். போன வருஷம் ஜெயித்த முயல்தான் முதலில் குதித்தது. "உறை தப்புன்னா நான் வாங்கின கோப்பை என்ன ஆகும்?" என்று கேட்டது. மறுநாளே கரடி தலைமையில் விசாரணை வைத்தார்கள்.

"உறையைக் கிழிக்கறதுக்கு முன்னாடியே உமக்கு விடை தெரியுமா?" என்று கரடி கேட்டது.

"தெரியும். எதிர்லயே உட்கார்ந்திருந்தாரே."

"அப்போ போட்டியாளரைப் பார்த்து நீர் விடையைத் தெரிஞ்சுக்கிட்டீர். உம்மைப் பார்த்து அவரும் தெரிஞ்சுக்கிட்டிருக்கலாம். விடை தெரிஞ்ச ஆளை எப்படிய்யா கேள்வி கேட்க விடுறது?"

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. ஓணானுக்கு வேலை போயிற்று, பட்டமும் போயிற்று. ஆமை கூட்டுச்சதி என்று நிரந்தரத் தடை வாங்கியது. நாற்காலியில் பூம்பூம் மாடு உட்கார்ந்தது. அதற்குச் சொந்தமாகவே பட்டுத்துணி இருந்ததால் நிலையத்துக்கு ஒப்பனைச் செலவும் மிச்சம்.

பதவி போன ஓணானை நானும் இனி 'அது' என்றே சொல்கிறேன், ஊரோடு ஒத்து வாழ வேண்டியவன் நான். அது அங்கமுத்துவைத் தேடிப் போயிற்று. நன்றி சொல்லும் என்று நினைத்துத்தான் போயிற்று. ஆமை வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு ஜீப்பின் அடியில் நிழலுக்கு ஒதுங்கியிருந்தது.

"நூறுன்னே படிச்சிருக்கலாமே தம்பி," என்றது ஆமை. "மொத்தமே இருபது கேள்விதான் வச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்திக் கேக்குறாங்க. அடுத்த தடவை வயசு அறுபதுன்னு எழுதிக் குடுத்து, நூறுன்னு சொல்லிட்டு, சுனைக்குப் போயிருப்பேன். என் சேக்காளி அப்படித்தான் போனான். இப்ப உங்களுக்கு வேண்டிய ஆளுன்னு வரிசையிலயே நிக்க விடமாட்டேங்கிறாங்க."

"நான் உண்மையைத்தானே சொன்னேன்?"

"அது எனக்கு முன்னாடியே தெரியும் தம்பி. எனக்கு வேண்டியிருந்தது தண்ணி."

நீதி: தெரியாததற்குத் தலையாட்டினால் டாக்டர் பட்டம் கிடைக்கும். தெரிந்ததைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவனுக்கும் தண்ணீர் கிடைக்காது.