கிளிசரின் பாயும் என் கட்டைவிரலும்

அன்று பத்திர ஆபீஸில் இருந்தவர்கள்: ரிஜிஸ்டரார். பத்திரம் எழுதியவர். என் அண்ணன். அண்ணி. சாட்சிக்கு வந்த, என்னோடு வேலை செய்கிற இரண்டு பேர். என் மனைவி ஸ்டெல்லா. நான். எட்டுப் பேர். ஒன்பதாவதாக, யாரும் கூப்பிடாமல், கையில் மக்கோடு வந்தவர் கிளிசரின் பாய்.

கள்ளக்குறிச்சியில் அவர் பிடித்துப் பார்க்காத கை கிடையாது. சலாம் சொல்லிக் கை கொடுப்பார். அது மரியாதைக்கு இல்லை, தோலைச் சோதிக்க. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. பின்னால் நாற்பது பேர் பரிசோடு நின்றார்கள்.

"மாப்ள, தோலு ரொம்ப வறண்டு கீதே. குளிச்சி எவ்ளோ நேரம் ஆச்சி?"

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். பக்கத்தில் இருந்த பெண் தன் இரண்டு கைகளையும் மாலைக்குள் மறைத்துக்கொண்டது.

பஸ் நிலையத்துக்குப் பின் தெருவில் கடை. சோப்பு, சீப்பு, பவுடர், லோஷன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு நீல மக், ஒரு துண்டு. லோஷன் கேட்டால் முதலில் கையை நனைக்கச் சொல்வார். நனைக்க மாட்டேன் என்றால் லோஷன் கிடையாது.

ஒருநாள் ஒரு அம்மா வந்தார். "நல்ல வாசனையா ஒண்ணு குடுங்க பாய்."

"வாசனை யாருக்கும்மா? தோலுக்கு மூக்கு கிடையாது. கிளிசரின் போட்டது எடுத்துக்கோ."

அந்த அம்மா முறைத்துவிட்டு எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு போனார். பாய் படியில் நின்று தெருவே கேட்கக் கத்தினார். "ஈரத்துல தடவும்மா! காஞ்சப்புறம் தடவினா வேஸ்ட்டு!"

வியாபாரம் போனதில் அவருக்கு வருத்தம் இல்லை. காய்ந்த தோலில் தடவிவிடுவாரோ என்றுதான் வருத்தம்.

நான் கொத்தனார். அவர் கடைக்குப் படி கட்டப் போனேன். வேலை முடிந்ததும் கை கொடுத்தார். கொடுத்த கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது கையா கொத்தனாரே, சித்திரை மாசத்து ஏரியா?"

இருபத்தாறு வருஷம் சிமெண்டு தின்ற கை. வெடிப்பு இருந்தது. ரத்தம் வரும், நிற்கும். நான் அதைப் பற்றி நினைத்ததில்லை.

"ரேகை விழுதா?"

"ரேஷன் கடை மெஷின்ல ரெண்டு வாட்டி விழல பாய்."

அதைச் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. காரணம், பத்திரம்.

ரிஷிவந்தியத்தில் அப்பா விட்டுப்போன மனை மூன்று சென்ட். அண்ணன் சென்னையில் இருக்கிறார். தன் பங்கை எனக்கு விட்டுத்தரச் சொல்லிப் பல வருஷம் கேட்டேன். பதில் வராது. இந்தத் தடவை என்னவோ சரி என்றார். ஒரு நாள்தான் வருவேன், அன்றைக்கு முடியாவிட்டால் மறுபடி என்னைக் கூப்பிடாதே என்றும் சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான். ஊரில் நான் கட்டிக்கொடுத்த வீடுகள் நிறைய. எனக்கு ஒன்று இல்லை. பத்திர ஆபீஸ் மெஷினில் என் கட்டைவிரல் விழாவிட்டால் இனிமேலும் இல்லை. இதையெல்லாம் பாயிடம் சொன்னேன்.

"பத்திரம் என்னிக்கி?" என்றார் பாய்.

"இருபத்தஞ்சி நாள் கீது."

பாய் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். என்னை ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"செங்கல்லு அடுக்கி நடுவுல கலவை வெக்கிறீங்க இல்ல? தோலும் அப்பிடித்தான். உங்களுக்குக் கலவை உதிர்ந்துபோச்சி. சந்து வழியா தண்ணி பூரா வெளிய போயிக்கினு கீது. இந்த லோஷன்ல கிளிசரின் கீது. அது தண்ணிய இஸ்து புடிச்சி வெக்கும். இன்னும் ஒரு கொழுப்புச் சாமான் கீது. அது சந்துல பூந்து அடைக்கும். கடைசியா இந்தப் பெட்ரோலியம் ஜெல்லி. மேல மூடி மாதிரி. உள்ள கீற தண்ணிய வெளிய வுடாது. புரிஞ்சிதா?"

"புரிஞ்சிது பாய்."

புரியவில்லை. மூடி என்று சொன்னது மட்டும் மனதில் நின்றது. வீட்டுக்குப் போய் ஜெல்லியை அப்பினேன். பூச்சு வேலை மாதிரி, கெட்டியாக. நாலு நாள். வெடிப்பு அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் போய்க் காட்டினேன்.

"லோஷன் போட்டீங்களா?"

"இல்ல. ஜெல்லி மட்டும். கெட்டியா."

"கைய நனைச்சீங்களா?"

"இல்ல."

பாய் என்னையே பார்த்தார். "காஞ்ச செங்கல்லுல கலவை வெப்பீங்களா கொத்தனாரே?"

செங்கல்லை ஊறப்போடாமல் எடுத்து வந்த சித்தாளை எத்தனை தடவை திட்டியிருப்பேன். காய்ந்த கல் கலவையில் இருக்கிற தண்ணீரைக் குடித்துவிடும், சுவர் நிற்காது. இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். என் கைக்கு அதைச் செய்யவில்லை. ஈரமே இல்லாத இடத்தை மூடிவைத்திருக்கிறேன்.

"புதுச் செவுத்துக்கு எத்தினி நாள் தண்ணி காட்டுவீங்க?"

"இருபத்தொரு நாள்."

"பத்திரத்துக்கு இன்னும் எத்தினி நாள் கீது?"

"இருபத்தொண்ணு."

"இன்னிக்கே ஆரம்பிங்க."

அடுத்த நாளே கரியாலூரில் வேலை. மலையில் ஒரு லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்தது. பனிக்காலம். அந்தக் காற்றில் நல்ல கையே வெடிக்கும். நான் சாரத்தின் மேல் இருந்தேன். மலை பஸ் வந்து நின்றது. கீழே இருந்து குரல்.

"கொத்தனாரே! கை!"

பாய். கொண்டை ஊசி வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். கையில் பை. பையில் ரப்பர் கையுறை, லோஷன், ஜெல்லி, அந்த நீல மக்.

கூட வேலை செய்கிறவன் ஒருவன் கேட்டான். "இன்னா மேஸ்திரி, மருதாணி வெச்சிவுட வந்துகீறாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் இறங்கிப்போய்க் கையைக் காட்டினேன். பாய் என் கையை நனைத்தார். துடைக்கவில்லை, ஒற்றி எடுத்தார். ஈரம் இருக்கும்போதே லோஷன். அதன் மேல் மெல்லிசாக ஜெல்லி. "ராத்திரிக்கி இதும்மேல பழைய சாக்ஸ் போட்டுக்கோங்க. செவுத்துக்கு ஈரச் சாக்கு போத்துற மாதிரி." சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் வாந்தி எடுக்க ஏறினார்.

மூன்று தடவை அப்படி வந்தார். சாக்ஸ் போட்டுப் படுத்தேன். "மேஸ்திரி கை ரெண்டும் இஸ்கூலுக்குப் போவுது" என்றார்கள். மறுநாள் ராத்திரியும் போட்டேன். வெடிப்பு மூடியது. கோடு கோடாக ரேகை தெரிந்தது. என் விரலில் அதை அப்போதுதான் பார்த்தேன்.

பத்திர நாள். ஆபீஸ் வராந்தாவில் டோக்கனுக்காக நின்றோம். அண்ணன் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி பார்த்தார். பாக்கெட்டில் ஜெல்லி டப்பா இருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டால் நல்லதுதானே என்று தோன்றியது. இரண்டு கட்டைவிரலிலும் நிறைய தடவிக்கொண்டேன்.

கூப்பிட்டார்கள். அண்ணன் விரல் வைத்தார். உடனே பச்சை விளக்கு. நான் வைத்தேன். சிவப்பு.

மறுபடி. சிவப்பு. இடதுகை. சிவப்பு.

போனுக்கு நம்பர் வரவைத்துப் பார்க்கலாம் என்றார்கள். ஆதாரில் இருந்தது எப்போதோ கிணற்றில் விழுந்த போனின் நம்பர்.

"அடுத்த டோக்கன் நிக்கிறாங்க. இன்னும் ஒரே ஒரு வாட்டி பாக்கலாம். இல்லன்னா வேற தேதி போட்டுக்கோங்க" என்றார் ரிஜிஸ்டரார்.

வேறு தேதி கிடையாது. அது எனக்கும் தெரியும், ஸ்டெல்லாவுக்கும் தெரியும். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணி சொன்னார். "ஏங்க, நாலு மணி பஸ்ஸு போயிடப் போவுது."

அண்ணன் பையை எடுத்தார். "ஆண்டவருக்கே இஷ்டம் இல்ல போலருக்குடா. வுட்டுடு."

அப்போதுதான் கதவில் பாய் நின்றார். மக், துண்டு, சோப்பு. கடையை மூடிவிட்டு வந்திருக்கிறார்.

"யாருங்க நீங்க? பார்ட்டியா, சாட்சியா?" என்றார் ரிஜிஸ்டரார்.

"தோலுக்குப் பொறுப்பு சார்."

நேராக வந்து என் கட்டைவிரலைத் தேய்த்துப் பார்த்தார். வழுக்கியது.

"இன்னா இது?"

"ஜெல்லி பாய்."

"எப்போ போட்டீங்க?"

"இப்பதான்."

"அய்யோ கொத்தனாரே! ரேகை மேலயே பூச்சு பூசிட்டீங்களே! ஈரம் உள்ள இருக்கணும், பிசுக்கு மேல இருக்கக் கூடாது. ஓடுங்க. சோப்பு போட்டுக் கழுவுங்க. நல்லா தொடச்சிக்கினு வாங்க."

ஓடினேன். குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. சோப்பு போகவே இல்லை. உள்ளே அண்ணன் கிளம்பியிருப்பார் என்று நினைத்தேன். கழுவக் கழுவ அதுதான் மனதில் ஓடியது. துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அண்ணன் கிளம்பவில்லை. கிளம்ப முடியவில்லை. பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், மெட்ராஸ்ல ஏசி ரூமா? ஈரம் ரொம்ப கம்மி. புறங்கையில செதிலு ஜாஸ்தி. குளிச்சி எவ்ளோ நேரம் ஆச்சி?"

"கைய வுடுங்க பாய். பஸ்ஸுக்கு டைம் ஆச்சி."

"இருங்க சார், அந்தக் கையும் பாத்துடறேன்."

பாய் ஒரு கையால் அண்ணனைப் பிடித்தபடி மறுகையால் துண்டைத் தூக்கிப் போட்டார். ஸ்டெல்லா பிடித்தாள். மெஷின் கண்ணாடியில் என் ஜெல்லி அப்பியிருந்தது. ரிஜிஸ்டராரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். துடைத்தாள்.

விரலை வைத்தேன். அண்ணன்கூடக் கையை இழுப்பதை நிறுத்திவிட்டார்.

பச்சை.

ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். பாய் அண்ணன் கையை விட்டார். "கிளிசரின் போட்டதா வாங்குங்க சார். வாசனைக்கு வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டு மக்கை எடுத்துக்கொண்டு போனார். நன்றி சொல்ல வாய் திறந்தேன். எனக்கு அது சட்டென்று வராது. அதற்குள் அவர் தெருவில் இறங்கிவிட்டார்.

இந்த வருஷம் ரிஷிவந்தியத்தில் சுவர் எழுப்பினேன். எனக்காக நான் கட்டிய முதல் சுவர். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பாய் வந்து இறங்கினார். கையில் நீல மக். சுவருக்குக் கை கொடுப்பதுபோல உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தொட்டியில் மொண்டு ஊற்றினார். அடுத்த பஸ்ஸில் கடை திறக்கப் போனார்.

அதற்கு மறுநாளும் வந்தார்.

"பைப்பு கீது பாய். நானே அடிச்சிக்கிறேன்" என்றேன்.

"உங்கள நம்ப முடியாது. நீங்க ஜெல்லி தடவின ஆளு."

பைப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன். தினமும் அவர் வருகிற நேரத்துக்குத் தொட்டியை மட்டும் நிரப்பி வைத்தேன். எத்தனை நாள் வந்தார் என்று கதவு நிலையில் கரியால் கோடு போட்டேன்.

இருபத்தொன்று.