கல்யாணப் பட்டியலை விழுங்கிய கணினி

கிளாத்தென்,
புதன்கிழமை காலை

மதிப்பிற்குரிய ஹர்ஜித்தோ அண்ணன் அவர்களுக்கு,

தம்பி சுத்ரிமோ மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. இறைவனின் சாந்தி உங்கள் மீதும் அண்ணி மீதும் என்றும் இருக்கட்டும். இங்கே நான், வீட்டுக்காரி லஸ்மினி, இரண்டு ஆடுகள் எல்லோரும் அவன் அருளால் சுகம். ஆடுகள் மாதக் கடைசி வரைதான் சுகம். அன்றைக்குத்தான் நம் சின்னவள் நிங்கின் கல்யாணம். போனில் பேசினால் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பதால் இதை எழுதி, மதியம் செமாராங் கிளம்பும் பக்கத்து வீட்டு வேனில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் தயவுசெய்து பேனாவை எடுத்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மூத்தவள் கல்யாணத்துக்கு நான் கணினியில் ஒரு விருந்தினர் பட்டியல் தட்டச்சு செய்தேன், அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர், பட்டம் பதவியோடு. ஏழு வருஷமாக யார் பிறந்தார், யார் போய்ச் சேர்ந்தார், யார் ஹஜ் முடித்து வந்தார் எல்லாவற்றையும் அதிலேயே திருத்தி வந்திருக்கிறேன். அச்சடித்துக் கையில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும் புத்தி எனக்கு வரவில்லை. போன வாரம் கல்யாணத்துக்காகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க மேசையை நகர்த்தினேன். கணினியின் வயர்களை எல்லாம் நானே கழற்றி, துடைத்து, நானே திரும்ப மாட்டினேன். பொத்தானை அமுக்கினால் மின்விசிறி சுற்றுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, பெட்டி உற்சாகமாக ஒரு தடவை கூவுகிறது, திரை மட்டும் இருட்டு. "சிக்னல் இல்லை" என்று ஒரு வரி காட்டிவிட்டுத் தூங்கிப் போகிறது. லஸ்மினி எட்டிப் பார்த்து, "அதுவும் உங்க சொந்தக்காரங்க மாதிரிதான், கூப்பிடலேன்னு மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டிருக்கு" என்றாள். நிங் சுரபாயாவிலிருந்து போனில், "அப்பா, வயரைச் சரியா மாட்டினீங்களா?" என்று கேட்டாள். முப்பத்தோரு வருஷம் வட்டார அலுவலகத்தில் கோப்பு கட்டிய கை அண்ணா இது, என்னைப் பார்த்து வயர் மாட்டத் தெரியுமா என்கிறாள். போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை, சந்தைக்குப் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வாகிமின் வந்தார். தங்கமான மனுஷன், குரல் உயர்த்திப் பேசத் தெரியாது, ஐயா என்பதுபோல வாய்க்கு வாய் மரியாதையாக 'பாக்' என்பார். வந்ததும் பெட்டியின் முதுகுப் பக்கம் குனிந்து ஒரு நிமிஷம் பார்த்தார். இருமினார். "பாக், இந்த வயரெல்லாம் மாட்டினது யாருங்க?" என்றார். "நான்தான். என் கையாலே" என்றேன். லஸ்மினி அப்போது தேநீரோடு பக்கத்தில் நின்றிருந்தாள். வாகிமின் இன்னொரு தடவை இருமி, "அப்படின்னா சரியாத்தான் இருக்கும், பாக்" என்று சொல்லி மூடியைக் கழற்றினார். உள்ளே பஞ்சு மாதிரித் தூசி, காய்ந்த பல்லி ஒன்று. நினைவகப் பட்டையை உருவி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழிக்கும் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினார். அப்பவும் இருட்டு. நாலு வாழைப்பழ பஜ்ஜி சாப்பிட்டார். "அநேகமா நாளைக்குப் படம் வந்துடும் பாக்" என்று சொல்லிப் போனார்.

செவ்வாய்க்கிழமை வந்து உள்ளே இருந்த காசு மாதிரி பேட்டரியை மாற்றினார். இருட்டுதான். திரையே பழுதோ என்று எனக்குச் சந்தேகம் வந்து, எதிர்வீட்டு சூதார்மோவின் திரையை சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றிவந்து, வயரை அதே இடத்தில் மாட்டிப் பார்த்தேன். அதுவும் இருண்டது. இப்போது சூதார்மோ, நான் அவர் திரையையும் கெடுத்துவிட்டதாக நினைக்கிறார். "பரவாயில்லை, பரவாயில்லை" என்று மூன்று தடவை சொல்லிச் சிரித்தார், அதிலிருந்துதான் தெரிந்தது. லஸ்மினியின் சித்தப்பா நாள் கணக்குப் பார்த்து, செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்ததே தப்பு என்றாராம். உடனே இவள் பரிகாரம் என்று பூப்போட்ட தண்ணீரைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கணினி மேல் வைத்தாள். கொட்டிவிடப் போகிறதே என்று நான் ஜாக்கிரதையாக எடுத்தேன். விசைப்பலகை மேலேயே கொட்டிவிட்டது. இப்ப அது மல்லிகை வாசனை அடிக்குது, 'ஏ' மட்டும் அமுங்க மாட்டேங்குது.

இதற்கெல்லாம் நான் கவலைப்படவில்லை அண்ணா. அழைப்பிதழ் அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும். லஸ்மினிக்கு அவள் பக்கத்து இருநூற்று எண்பது பெயரும் மனப்பாடம், ஒரே மூச்சில் சொல்கிறாள். நான் நோட்டை வைத்துக்கொண்டு ராத்திரி சாப்பாடு வரை யோசித்து நாற்பத்து மூன்று பெயர் எழுதினேன். அதில் பதினொரு பேர் உயிரோடு இல்லை என்று அவளே சொல்லித்தான் தெரிந்தது. "உங்க பக்கத்துல இவ்வளவுதானா ஆளு? ரெண்டு வரிசை நாற்காலி போதும்போல" என்கிறாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள், எனக்குத்தான் சுருக்கென்றது. என் மகள் மணமேடையில் உட்கார்ந்து பார்க்கும்போது அப்பா பக்கம் காலி நாற்காலிகள் இருக்கக்கூடாது அண்ணா. விட்டுப்போன ஒவ்வொருத்தரும் நான் சாகிறவரைக்கும் சிரிச்சுக்கிட்டே பேசாம இருப்பாங்க, நம்ம ஆளுங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாததா.

நம் வம்சத்தில் மிச்சமிருக்கிற மூத்தவர் நீங்கள்தான். யார் யாருக்கு என்ன உறவு என்பது உங்கள் நாக்கு நுனியில் இருக்கும். நினைவுக்கு வருகிறவர்களை எல்லாம் எழுதி நாளை திரும்பும் அதே வேனில் கொடுத்தனுப்புங்கள். கல்யாணத்தன்று நீங்களும் அண்ணியும் முன்வரிசையில், என் வலது பக்கம் உட்கார வேண்டும். பெண்வீட்டார் சார்பில் வரவேற்புரையும் நீங்களே பேச வேண்டும். உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அண்ணிக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் முட்டிவலியை இறைவன் லேசாக்கட்டும்.

என்றும் உங்கள் பணிவுள்ள தம்பி,
சுத்ரிமோ

பின்குறிப்பு: வேன் வாசலில் நிற்கிறது, அவசரமாக எழுதுகிறேன். கணினிக்கு உயிர் வந்துவிட்டது! நான் குளித்துவிட்டு வந்தால் திரை பளிச்சென்று எரிகிறது, இன்றைக்கும் வந்திருந்த வாகிமின் தள்ளி நின்று மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "தானா வந்துடுச்சு, பாக்" என்றார். அவர் போனபிறகு லஸ்மினி சொன்னாள்: நான் குளிக்கப் போனதும் திரையின் வயரை மேல் ஓட்டையிலிருந்து உருவிக் கீழ் ஓட்டையில் மாட்டினாராம், அவ்வளவுதான். திங்கட்கிழமை முதல் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு பெரிய மனுஷனிடம், அதுவும் வீட்டுக்காரி முன்னாடி, நீங்க தப்பா மாட்டிட்டீங்கன்னு எப்படிச் சொல்வார், பாவம். நான் ஒருநாளாவது இடத்தை விட்டு நகர்வேனா என்று மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அதனால் பெயர்கள் வேண்டாம். முன்வரிசைக்கும் வரவேற்புரைக்கும் கொஞ்சம் பொறுங்கள். பட்டியலைத் திறந்து உங்கள் பெயரைத் தேடினேன், அறுநூற்றுப் பன்னிரண்டில் இல்லை. கடைசியில் தனியாக ஒரு பக்கம், நானே தட்டச்சு செய்தது: "ஹர்ஜித்தோ. மூத்தவள் கல்யாணத்தில் விடைகூடப் பெறாமல் எழுந்து போனவர். இனி எந்த விசேஷத்துக்கும் அழைக்கக்கூடாது." லஸ்மினி இந்தக் கடிதத்தைக் கிழிக்கச் சொல்கிறாள். எனக்கு அந்தக் கோபம் சுத்தமா மறந்தே போச்சு அண்ணா. இந்த அஞ்சு நாளும் திரை இருட்டா இருக்கும்போது, ஒத்தாசைக்கு யாருன்னு யோசிச்சா உங்க மூஞ்சிதான் வந்தது. கையால் உங்கள் பெயரை அறுநூற்றுப் பதின்மூன்றாவதாக எழுதிவிட்டேன். வாங்க. போகும்போது மட்டும் சொல்லிட்டுப் போங்க.